பாண்டிச்சேரிக்கு எத்தனை மணி நேரம்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் சித்தி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து காரில் கிளம்பிப் போய், மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, இரவுக்குள் வீடு திரும்புவது ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நடக்கும். போகும்போதெல்லாம் இந்தத் தொலைபேசி உரையாடலும் நடக்கும்.

"எங்கப்பா வர்றீங்க?"

"மரக்காணம் தாண்டிட்டோம் சித்தி. இதோ வந்துடுறோம்."

"எட்டு மணிக்கே கிளம்பிட்டதாச் சொன்னியே. நூத்தம்பது கிலோமீட்டர்தானே? பத்தரைக்கு வந்துடுவாங்கன்னு உங்க சித்தப்பா வாசல்லயே உக்காந்திருக்கார்."

சித்தப்பாவின் கணக்கில் பிழை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். மாமல்லபுரம் தாண்டியபின் என் வேகமானியும் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் காட்டுகிறது. 150 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். நாங்களோ வழியில் டீக்குக்கூட நிற்காமல் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேருகிறோம். நடுவில் ஒரு முழு மணி நேரம் எங்கே போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது, அது கணிதம், இயற்பியல், உளவியல், தூக்கம் பற்றிய ஆராய்ச்சி என்று நான்கு துறைகளுக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனது.

முதலில் பயணத்தை மூன்று துண்டாக வெட்டிப் பார்ப்போம். கோடம்பாக்கம் வீட்டிலிருந்து அக்கரை வரை சுமார் 20 கிலோமீட்டர். அடையாறு, திருவான்மியூர், நீலாங்கரை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் தூரம் இது. மணிக்கு 20 கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆக ஒரு மணி நேரம். அக்கரையிலிருந்து காலாப்பட்டு வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் திறந்த சாலை. 60 வேகத்தில் இரண்டு மணி நேரம். காலாப்பட்டிலிருந்து கோட்டக்குப்பம் வழியாக ஊருக்குள் நுழையும் கடைசி 10 கிலோமீட்டர் மறுபடியும் நெரிசல், அரை மணி நேரம். மொத்தம் மூன்றரை மணி நேரம். காணாமற்போன ஒரு மணி நேரம் இரண்டு ஓரங்களில் ஒளிந்திருக்கிறது. மெதுவாகப் போன 30 கிலோமீட்டர், தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நேரத்திலோ 210 நிமிடத்தில் 90 நிமிடம்.

இதற்குப் பின்னால் இருப்பது சராசரி பற்றிய ஒரு பழைய புதிர். அதே 150 கிலோமீட்டர், போகும்போது மணிக்கு 60, வரும்போது மணிக்கு 30. சராசரி வேகம் என்ன? கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் 45 என்பார்கள். போக இரண்டரை மணி, வர ஐந்து மணி, ஆக ஏழரை மணி நேரத்தில் 300 கிலோமீட்டர். மணிக்கு 40தான். நம் மனம் தூரத்தை எடைக்கல்லாக வைத்துத் தராசைப் பிடிக்கிறது. வேகத்தின் சராசரிக்கு எடைக்கல்லாக வைக்க வேண்டியது நேரத்தை. மெதுவாகப் போகும்போது அந்த வேகத்தில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். எனவே தராசு எப்போதும் மெதுவான பக்கமே சாயும். இப்படிக் கணக்கிடும் சராசரிக்குப் பள்ளிப் புத்தகங்களில் 'இசைச் சராசரி' என்று பெயர். தேர்வுக்குப் படித்து மறந்த அந்தச் சொல், திருவான்மியூர் சிக்னலில் நம்மோடு நின்றுகொண்டிருக்கிறது.

இதிலிருந்து பயணத் திட்டத்துக்கு நேரடியாக உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. அரை மணி நேரம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி இருக்கிறது. நடுவிலுள்ள 120 கிலோமீட்டரை 60க்குப் பதில் 80 வேகத்தில் ஓட்டினால் இரண்டு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகும். அல்லது விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், காலியாகக் கிடக்கும் நகரச் சாலையின் முதல் 20 கிலோமீட்டரை மணிக்கு 40இல் கடந்துவிடலாம். ஒரு மணி நேரம் அரை மணி நேரமாகும். இரண்டிலும் மிச்சம் அதே முப்பது நிமிடம். ஒன்றை ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பெறுகிறோம், மற்றொன்றை அலாரம் வைத்துப் பெறுகிறோம்.

ஆனாலும் பெரும்பாலோர் ஆக்ஸிலேட்டரையே நம்புகிறோம். ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் பல ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தவர். வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று மக்களிடம் கேட்டால், ஏற்கெனவே வேகமாகப் போகும் இடத்தில் கிடைக்கும் மிச்சத்தை மிகையாகவும், மெதுவாகப் போகும் இடத்தில் கிடைக்கும் மிச்சத்தைக் குறைவாகவும் மதிப்பிடுகிறார்கள். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 40இலிருந்து 50 ஆக்கினால் முழுதாக 30 நிமிடம் மிச்சம். 80இலிருந்து 90 ஆக்கினால் 8 நிமிடம்தான். கூட்டியது இரண்டிலும் அதே பத்து. இந்த மனப்போக்கை 'நேரமிச்ச மயக்கம்' என்று சொல்லலாம். காற்று முகத்தில் அடிக்கும் வேகத்தில் நாம் நேரத்தைச் சம்பாதிப்பதாக உடம்பு சொல்கிறது. அந்த உணர்வை நம்பக் கூடாது.

நம்பக் கூடாது என்று நான் வற்புறுத்தக் காரணம் நேரக் கணக்கு மட்டுமல்ல. 60இலிருந்து 80 என்பது பார்வைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் ஓடும் காரின் ஆற்றல் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். இது எப்படித் தெரிய வந்தது? 1720களில் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் கிராவெசாண்டு பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து ஈரக் களிமண்ணில் விழவிட்டார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு களிமண்ணில் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆழம் குழி பறித்தது. பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே 1740இல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் இந்தச் சோதனையின் பொருளை எடுத்து வாதாடினார். ஓடும் பொருளின் 'வீரியம்' வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற கருத்து நிலைபெற அவருடைய வாதமும் உதவியது.

அந்தக் களிமண் குழிதான் நம் பிரேக். காரின் ஆற்றல் முழுவதையும் பிரேக் உறிஞ்ச வேண்டும். 60 வேகத்தோடு ஒப்பிட்டால் 80 வேகத்தில் அது உறிஞ்ச வேண்டியது ஏறத்தாழ 1.8 மடங்கு. பிரேக் பிடித்தபின் கார் சறுக்கி ஓடும் தூரமும் அதே அளவு நீளும். அதற்கு முன், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியிலேயே 60இல் 17 மீட்டரும் 80இல் 22 மீட்டரும் ஓடியிருப்போம். கூவத்தூரிலும் கடப்பாக்கத்திலும் சாலை ஓரம் ஆடு மேயும். சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மீன் கூடையோடு ஒரு அம்மா சாலையைக் கடப்பார். அலாரம் வைத்துக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் இவர்கள் யாருக்கும் ஆபத்து இல்லை.

சரி, நகரத்து ஓரங்களில் ஏன் அவ்வளவு மெதுவாகிறோம்? சிக்னலும் குழியும் வேகத்தடையும் பாதிக் காரணம். மீதியை நாமே உண்டாக்குகிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் கண்முன் காட்டுகிறது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை. அதில் 22 கார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் யாரும் இல்லை. எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராக ஓட்ட வேண்டும் என்பது மட்டுமே கட்டளை. கொஞ்ச நேரம் சீராகவே போனது. பிறகு யாரோ ஒருவர் சற்றே தயங்க, பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகவே பிரேக் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக. சிறிது நேரத்தில் நாலைந்து கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நிற்கும் கூட்டம் ஓர் அலைபோல, கார்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

கோவில் தரிசன வரிசையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. முன்னால் இருப்பவர் நகர்ந்தபின் அடுத்தவர் சற்றுத் தாமதமாக நகர்வார், அதன்பின் அதற்கு அடுத்தவர். மக்கள் முன்னோக்கிப் போக, நகர்வு என்பது பின்னோக்கி வரும். சாலையில் இதை 'மாய நெரிசல்' என்கிறார்கள். விபத்தாக இருக்கும், போலீஸ் மறித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஊர்ந்து போவோம். போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. சட்டென்று சாலை திறந்துகொள்ளும். மூன்று நிமிடம் முன்னால், ஒரு கிலோமீட்டர் தள்ளி யாரோ பிடித்த பிரேக் நம்மிடம் வந்து சேர்ந்து, நம்மையும் கடந்து பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. வண்டிகள் குறைவாக இருந்தால் நடுவிலுள்ள இடைவெளி அந்தச் சிறு தயக்கத்தை விழுங்கிவிடும். அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டினால்தான் தயக்கம் அலையாகப் பெருகும். விடியற்காலையில் கிளம்பினால் வண்டி குறைவு என்பதோடு, அலை பிறக்கவே இடமில்லாத நேரமாகவும் அது அமைகிறது. முன்னால் போகும் காருக்கும் நமக்கும் நடுவே தாராளமாக இடம் விடுவதும் ஒரு பொதுநலப் பணிதான். பின்னால் வருகிற நூறு பேருக்குப் போய்ச் சேரவேண்டிய அலையை அந்த இடைவெளி அங்கேயே அடக்கிவிடும்.

இதையெல்லாம் கைபேசியே சொல்லிவிடுகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். அது எப்படிச் சொல்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சாலை சிவப்பா பச்சையா என்று பார்க்க வானத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சாலையில் போகும் மற்றவர்களின் கைபேசிகள் தாம் இருக்கும் இடத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவை நகரும் வேகத்தைக் கூட்டிச் சேர்த்துத்தான் அந்த நிறம் வருகிறது. பெர்லினைச் சேர்ந்த சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் இதை எளிமையாக நிரூபித்தார். 99 கைபேசிகளை ஒரு கைவண்டியில் போட்டு, காலியான தெருக்களில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருக்கள் சிவந்தன. நூறு வண்டிகள் ஊர்ந்து போவதாக அது நினைத்துக்கொண்டது. 2020இல் இது வெளிவந்தது.

வேகம் தெரிந்தபின் வழியைத் தேட வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. அதுவும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் பயணத்தைப் பற்றியது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர், தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடு கடைவீதியில் சுற்றிக் களைத்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தார். அவர் வேலை பார்த்த கணித நிறுவனத்தில் அப்போது ஒரு புதிய கணினி தயாராகியிருந்தது. அதைப் பொதுமக்களுக்கு இயக்கிக் காட்ட, கணிதம் தெரியாதவர்களுக்கும் புரியும் கேள்வி ஒன்று தேவைப்பட்டது. ராட்டர்டாமிலிருந்து கிரோனிங்கனுக்குப் போக மிகக் குறுகிய வழி எது? தாளும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில், அந்தக் காபிக் கடையிலேயே விடையைக் கண்டுவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். 1959இல் மூன்றே பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது.

அவர் முறையைப் புரிந்துகொள்ள வயல்வெளிக்குப் போனால் போதும். சாலைகளையெல்லாம் வாய்க்கால்களாக நினைத்துக்கொள்ளுங்கள். கடக்க அதிக நேரம் பிடிக்கும் சாலை நீளமான வாய்க்கால், விரைவாகக் கடக்கக்கூடியது குட்டை வாய்க்கால். கிளம்பும் இடத்தில் மடையைத் திறந்துவிடுகிறோம். தண்ணீர் எல்லா வாய்க்காலிலும் ஒரே வேகத்தில் பரவுகிறது. ஒவ்வொரு கூடுவாயிலும் ஒருவரை நிறுத்தி, தண்ணீர் முதன்முதலில் எப்போது வந்தது, எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். அப்புறம் வேறு வழியாக வரும் தண்ணீரை அவர் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அது எப்படியும் சுற்றி வந்த தண்ணீர். போய்ச்சேர வேண்டிய ஊர் நனைந்த கணத்தில் விடை தெரிந்துவிடும். அங்கிருந்து 'உனக்கு எங்கிருந்து வந்தது?' என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே பின்னால் போனால் பாதை கிடைத்துவிடும்.

இதன் சிக்கனத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்கும் நெடுக்கும் பத்துப் பத்துக் கட்டங்கள் உள்ள ஒரு சிறு நகரில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பின்வாங்காமல் போக மட்டும் 1,84,756 வழிகள் உண்டு. ஒவ்வொன்றாக அளந்தால் பொழுது விடிந்துவிடும். ஆனால் அந்த ஊரில் முனைகள் 121தான். தண்ணீர் ஒவ்வொரு முனையையும் ஒரு முறை தொட்டால் வேலை முடிந்தது. இன்றைய வரைபடச் செயலிகள் எத்தனையோ குறுக்குவழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. நாம் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் சாலை எப்படி இருக்கும் என்று பழைய பதிவுகளைக் கொண்டு ஊகிக்கவும் செய்கின்றன. ஆனாலும் அவற்றின் அடியில் ஓடுவது அந்த இருபது நிமிடத் தண்ணீர்தான்.

பாண்டிச்சேரிக்கு இன்னொரு வழியும் உண்டு. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக ஜிஎஸ்டி ரோடு. தூரம் கொஞ்சம் கூடுதல், சாலை அகலம். ஞாயிறு மாலை திரும்பும்போது எது மேல் என்று வீட்டில் பெரிய விவாதம் நடக்கும். இங்கிலாந்தின் ஜான் வார்ட்ராப் 1952இலேயே இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தால், பயன்பாட்டில் உள்ள வழிகளெல்லாம் கடைசியில் ஏறத்தாழ ஒரே நேரம் பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஒன்று விரைவாக இருந்தால் ஆட்கள் அங்கே பாய்வார்கள், அதுவும் நிரம்பிவிடும். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் காலத்தில் இந்தச் சமநிலை இன்னும் விரைவாக வரும். எனவே கூட்ட நேரத்தில் எந்த வழி என்ற விவாதத்தில் பெரிய லாபம் இல்லை. எப்போது கிளம்புவது என்பதில்தான் லாபம்.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்குத் திரும்பலாம். எத்தனை மணி நேரம்? மூன்றரை என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. இதே பயணத்தை நூறு ஞாயிற்றுக்கிழமை செய்து, ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தைக் குறித்து வைத்தால் அந்த எண்கள் எப்படிப் பரவியிருக்கும்? மூன்று மணி நேரத்துக்குக் கீழே போவது அரிது, ஏனென்றால் எவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தாலும் கார் பறக்காது. மேல்பக்கத்திலோ தடை கிடையாது. ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்தால் ஐந்து மணி நேரம். டயர் பஞ்சரானால் நாலரை. நல்ல நாள் நமக்குப் பத்து நிமிடம் பரிசளிக்கும், கெட்ட நாள் இரண்டு மணி நேரம் பறித்துக்கொள்ளும். இப்படி ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் நீண்ட வாலுமாக இருக்கும் பரவலைப் புள்ளியியலில் 'வலச்சாய்வு' என்பார்கள். ஆகவே சாலைப் பொறியாளர்கள் சராசரியோடு நிற்பதில்லை. நூறு பயணத்தில் 95 பயணம் எத்தனை நேரத்துக்குள் முடிகிறது என்று பார்க்கிறார்கள். இது 95ஆவது நூற்றுமானம். சராசரிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் 'காப்பு நேரம்' என்று சொல்லலாம். யார் வீட்டுக்காவது சாப்பாட்டுக்குப் போகிறோம் என்றால் சராசரி போதும். முகூர்த்தத்துக்குப் போகிறோம் என்றால் காப்பு நேரத்தையும் சேர்த்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

ஆனால் நாம் சராசரியைக்கூட நினைவில் கொள்வதில்லை. நல்ல நாளைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இந்தப் பழக்கத்துக்குப் பெயர் சூட்டினார்கள். தமிழில் 'திட்ட மயக்கம்' எனலாம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55க்கு மேல். தாம் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான். மனம் வரப்போகும் வேலையை ஒரு கதையாகக் கற்பனை செய்கிறது. அந்தக் கதையில் டோல்கேட் வரிசை வராது, குழந்தைக்கு வாந்தி வராது, முட்டுக்காட்டில் படகு பார்க்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க மாட்டார்கள். இதற்கு மருந்து, கதையை விட்டுவிட்டுப் பழைய பதிவைப் பார்ப்பது. கடந்த ஐந்து முறை உண்மையில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்? நான் இப்போது காரின் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், அவ்வளவுதான். எந்தச் செயலியும் தராத ஒன்றை அது தருகிறது. எங்கள் குடும்பத்தின் நிறுத்தங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன.

இதில் ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தச் சாலை சென்னையிலிருந்து தெற்காகச் சற்று மேற்கே சாய்ந்து போகிறது. காலையில் போகும்போது சூரியன் கிழக்கே, அதாவது இடப்பக்கம். மாலையில் திரும்பும்போது சூரியன் மேற்கே. அப்போது நாம் வடக்கே பார்த்து வருகிறோம், ஆகவே அதுவும் இடப்பக்கமே. ஒரே நாளில் போய் வருகிற பேருந்துப் பயணிகள் இரண்டு முறையும் வலப்பக்க இருக்கையைப் பிடித்தால் வெயில் படாது. போகும்போது கடல் எட்டிப் பார்க்கும் இடங்களை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால்.

கடைசியாக, திரும்பும் பயணம். ஒருநாள் பயணத்தில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான், மிகவும் அலட்சியமாக விடுவதும் இதைத்தான். ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேர். ஒரு முறை அவர்களை 28 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தார்கள். இன்னொரு முறை அரை மணிக்கு ஒரு தடவை அளவோடு மது கொடுத்தார்கள். இரண்டு முறையும் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்து வேலை செய்கின்றன என்று அதே சோதனையால் அளந்தார்கள். விழித்து 17 மணி நேரம் ஆனவர்களின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவர்களின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. இந்தியச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடு.

இப்போது கூட்டிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணிக்குக் கிளம்பி, நாளெல்லாம் அங்கே இருந்துவிட்டு, கடற்கரையில் காற்று வாங்கி, இரவு ஏழரைக்குக் காரை எடுத்தால் வீடு சேரும்போது மணி பதினொன்று. விழித்து 17 மணி நேரம். ஒரு துளிகூடக் குடிக்காதவர், சட்டம் அனுமதிக்காத அளவுக்குத் தடுமாறும் கையோடு, ஞாயிறு இரவு நெரிசலில், எதிர்வண்டி விளக்குகள் கண்ணில் அடிக்க, பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைகளோடு வருகிறார். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது. எத்தனையோ முறை நான் வந்திருக்கிறேன்.

விடியற்காலையில் கிளம்புவதும் இதற்கு விலக்கல்ல. நாலு மணிக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதுக்கே 17 மணி நேரம் ஆகிவிடும். ஆகவே முன்தின இரவு ஒன்பதுக்குள் படுத்துவிட வேண்டும். மறுநாள் மதியம் மூன்று மணிக்குத் திரும்பக் கிளம்பிவிட வேண்டும். ஏழு மணிக்குள் வீடு. ஆனால் பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே உடம்பின் உள்கடிகாரம் தானாகவே ஒரு மந்தத்துக்கு இறங்கும். சாப்பிடாவிட்டாலும் அது வரும். வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பின் கேட்கவே வேண்டாம். இதற்கும் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ரெய்னரும் ஜிம் ஹார்னும், தூக்கம் குறைந்தவர்களை மாதிரிக் காரில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். காபி குடித்துவிட்டு உடனே ஒரு கால் மணி நேரம் கண்ணயர்ந்தவர்கள் அதன்பின் நன்றாக ஓட்டினார்கள். வரிசை முக்கியம், காபி முதலில், தூக்கம் பிறகு. காபியின் வேலை தொடங்க இருபது முப்பது நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் குட்டித் தூக்கம் முடிந்து, எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

போன மாதம் சித்தியிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன்.

"அஞ்சு மணிக்குக் கிளம்புறோம் சித்தி. ஏழே முக்கால்லேர்ந்து எட்டரைக்குள்ள எப்ப வேணா வருவோம். மத்தியானம் மூணுக்குக் கிளம்பிடுவோம்."

"ஏழே முக்காலா எட்டரையா, சரியாச் சொல்லு."

"சரியாச் சொன்னா அது பொய்யாயிடும் சித்தி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பன்னா காலை டிபனும் இங்கதான். சாயங்காலம் மாவாட்டி வச்சிடுறேன்" என்றார். சாப்பிட்டபின் ரெண்டரைக்கு எனக்கு ஒரு டம்ளர் காபியும், அதைக் குடித்தவுடன் சித்தப்பாவின் சாய்வு நாற்காலியும் வேண்டும் என்று கேட்டேன். காபி குடித்துவிட்டு யாராவது தூங்குவார்களா என்று சித்தப்பா பின்னாலிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. நேரில் வந்து விளக்குகிறேன் என்றேன்.